ஆசிரியர் இருக்கையில் பெண்கள்: கிள்ளான் பள்ளத்தாக்கில் கலைக்கல்வி வளர்ந்த வரலாறு

தமிழில் கலைக்கல்வியைப் பற்றிக் கிடைக்கும் பழைய சான்றுகளுள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை தலையாயது. மாதவி ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறுகிறாள். அவளை உருவாக்கிய ஆசிரியர்கள் யார் யார் என்பதையும், அவர்களுக்கு என்னென்ன தகுதிகள் இருத்தல் வேண்டும் என்பதையும் இளங்கோவடிகள் வரிசைப்படுத்தி விளக்குகிறார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவர் அங்கே தோன்றுகின்றனர். அறுவரும் ஆடவர். கற்பவள் பெண், கற்பிப்பவர் ஆடவர் என்னும் முறை அக்காலத்திலேயே நிலைபெற்றுவிட்டது என்பதை இதனால் அறியலாம்.

அதன்பின் பல நூற்றாண்டுகள் கழித்து, ஏறத்தாழ 1014ஆம் ஆண்டில், முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் பொறித்த கல்வெட்டும் இதே நிலையைக் காட்டுகிறது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்கள் அங்கே உள்ளன. ஒவ்வொருத்தியும் எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தாள், முன்பு எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், அவளுக்குரிய பங்கு எவ்வளவு என்னும் விவரமெல்லாம் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. நட்டுவம் செய்தவர்களோ ஆடவர்களே.

ஆடியவள் பெயர் கல்லேறியது. கற்பிக்கும் இருக்கையில் அவள் அமரவில்லை. அந்த இருக்கை இருபதாம் நூற்றாண்டில்தான் கைமாறியது. சென்னையில் அம்மாற்றம் நிகழ்ந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டுள்ளது. கடல் கடந்து, கோலாலம்பூரிலும் அதனைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அது எவ்வாறு வளர்ந்தது என்பதை எழுதியவர் மிகச் சிலரே. ஆடல், ஓவியம், நெசவு ஆகிய மூன்று துறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு நோக்கினாலும், இந்நாட்டில் கலையை எல்லாருக்கும் உரிய பாடமாக ஆக்கியதில் பெண்களின் பங்கு எத்துணைப் பெரியது என்பது புலப்படும்.

தட்டுக்கழி கைமாறியது

நாட்டியக் கல்வியின் பழைய அமைப்பில் நட்டுவனாரே தலைவர். அடவுகளைச் சொல்லிக் கொடுப்பவரும், சொற்கட்டு அமைப்பவரும், அரங்கில் தாளம் பிடிப்பவரும் அவரே. எனினும் வீட்டுக்குள் நடந்த கல்வி வேறு. பதங்களின் பொருளையும், ஒரே வரிக்குப் பல வகையில் அபிநயம் பிடிக்கும் நுட்பத்தையும் மூத்த பெண்களே இளையவர்களுக்குக் கற்பித்து வந்தனர். தாயும் பாட்டியும் சிற்றன்னையும் ஆசிரியராக விளங்கினாலும் ஆசிரியர் என்னும் பெயர் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

இத்தகைய பெண்களுள் மயிலாப்பூர்க் கௌரி அம்மாள் குறிப்பிடத்தக்கவர். கபாலீசுவரர் கோயிலோடு தொடர்புடைய மரபில் வந்த இவர் அபிநயத்தில் ஈடற்றவர். இந்நூற்றாண்டில் மட்டுமன்றிச் சென்ற நூற்றாண்டிலும் பரதநாட்டியத்தின் இரு பெரும் பெயர்களாகப் பேசப்படும் பாலசரஸ்வதியும் ருக்மிணி தேவியும் இவரிடம் பாடம் கேட்டவர்கள் என்பதே இவருடைய புலமைக்குச் சான்று.

ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935இல் அடையாற்றில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்தார். பாட அட்டவணை, வகுப்பறை, ஆண்டு வாரியான படிப்பு, தேர்வு, பட்டயம் என்னும் பள்ளி முறைக்குள் நாட்டியம் வந்தது. மற்றொரு மாற்றமும் அங்கே நிகழ்ந்தது. 1940களில் அந்நிறுவனத்துப் பெண்கள் தாங்களே தட்டுக்கழியையும் தாளத்தையும் கையில் எடுத்து நட்டுவாங்கம் செய்யத் தொடங்கினர். இசை வேளாளர் குலத்தில் வந்த கே. ஜே. சரசா, வழுவூர் இராமையா பிள்ளையிடம் பயின்று, பெண் நட்டுவனாராகப் புகழ் பெற்றார். பாலசரஸ்வதியும் 1953இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சார்பில் நாட்டியப் பள்ளி தொடங்கி ஆசிரியரானார்.

இம்மாற்றத்தின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. இழிவு நீங்க வேண்டும் என்று போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் அதே காலத்தில், பல தலைமுறையாகக் கலையைக் காத்துவந்த குடும்பத்துப் பெண்கள் பலர் மேடையையும் வருவாயையும் இழந்தனர். புதிய பள்ளிகளில் பிற குலத்துப் பெண்கள் நிரம்பினர். கௌரி அம்மாள் தம் இறுதி நாட்களை வறுமையில் கழித்து 1971இல் மறைந்தார். கதவு எல்லாருக்கும் திறந்தபோது, உள்ளே இருந்து விளக்கேற்றியவர்கள் வெளியே நிற்க நேர்ந்தது. கலைக்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில்

சென்னையில் நிகழ்ந்த இம்மாற்றத்தின் அலை மலாயாவை அடைந்தபோது அதனை ஏற்கும் இடமாகப் பிரிக்பீல்ட்ஸ் அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோலாலம்பூர் நகரம் செங்கல்லால் மீண்டும் கட்டப்பட்டபோது சூளைகள் எரிந்த இடம் இது. பின்னர் இரயில்வேப் பணிமனையும் அதன் ஊழியர் குடியிருப்புகளும் இங்கே தோன்றின. தமிழகத் தொழிலாளரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும், மலையாளிகளும், சிங்களவரும், சீனரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தனர். 1904இல் எழுந்த விவேகானந்த ஆசிரமம், அதனைச் சார்ந்த பள்ளிகள், ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில், 1920களில் தோன்றிய சங்கீத அபிவிருத்தி சபை என இசைக்கும் ஆடலுக்கும் இடம் தரக்கூடிய கூடங்கள் இங்கே இருந்தன.

மாத ஊதியம் பெறும் குடும்பங்கள் தம் பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கிய பின்னரே ஆடல் வகுப்புக்கும் அனுப்பின. முதலில் தயக்கம் இருந்தது. சதிர் என்னும் பெயர் பெரியோர் நினைவிலிருந்து நீங்கவில்லை. அத்தயக்கத்தை நீக்கியதில் பெண்ணாசிரியர்க்குத் தனிப்பங்கு உண்டு. வகுப்பில் ஓர் அம்மையார் இருக்கிறார் என்றால், மகளைத் தனியே அனுப்பவும் தாய்மார் அஞ்சவில்லை.

அரசியல் சூழலும் உள்ளூர் ஆசிரியர்க்கு வழி வகுத்தது. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டமும், 1959இல் வந்த மேலும் இறுக்கமான சட்டமும் இந்தியாவிலிருந்து வருவோர்க்குக் கட்டுப்பாடு விதித்தன. வித்துவான் ஒருவர் கப்பலேறி வந்து ஆண்டுக்கணக்கில் தங்கிக் கற்பிப்பது முன்போல் எளிதன்று ஆயிற்று. இந்நாட்டிலேயே வேரூன்றிய ஆசிரியர்களை நம்பியே கலை வளர வேண்டியிருந்தது.

கோலாலம்பூரில் அவ்வாறு வேரூன்றியவர்களுள் இரண்டு இணையரின் பெயர்கள் முதலில் நிற்கின்றன. ஒருவர் கோபால் ஷெட்டி, ராதா ஷெட்டி, மற்றவர் வி. கே. சிவதாஸ், வத்சலா சிவதாஸ். கணவரும் மனைவியும் சேர்ந்து வகுப்பு நடத்தும் இம்முறை மலாயாவின் சூழலுக்கு மிகப் பொருந்தியது. 1981இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் ஊக்கத்தால் ‘டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்ஸ்’ எனப்படும் நுண்கலைக் கோயில் கோலாலம்பூரில் தோன்றியபோது, அதன் நாட்டியக் கல்விக்கு அடித்தளம் இட்டவர்கள் இந்நால்வரே. பரதநாட்டியமும், ஒடிசியும், பிற நடன வகைகளும், வாய்ப்பாட்டும், வீணை, மிருதங்கம் முதலிய கருவியிசையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்கப்படும் நிறுவனமாக அது வளர்ந்தது. இலங்காவியின் மசூரி கதையை அது நாட்டிய நாடகமாக மேடையேற்றியது, தமிழ்ப் பிள்ளைகள் கற்ற அடவு இந்நாட்டுக் கதையைச் சொல்லவும் பயன்படும் என்பதைக் காட்டிற்று.

இந்நால்வருள் ராதா ஷெட்டி, வத்சலா சிவதாஸ் ஆகிய இருவரின் இடம் தனித்து நோக்கத்தக்கது. நிகழ்ச்சி விளம்பரங்களில் இணையரின் பெயர் சேர்ந்தே வரும். காலப்போக்கில் பேச்சில் கணவர் பெயரே முந்தும். வகுப்பறையிலோ நிலைமை வேறு. அரைமண்டியில் நிற்கும் சிறுமியின் முதுகை நிமிர்த்துவது, பருவ மாற்றத்தால் நாணும் பெண்ணுக்குத் துணிவூட்டுவது, சலங்கை கட்டுமுன் அச்சம் தீர்ப்பது, ஆடை அணி அலங்காரம் அமைப்பது ஆகியவை ஒரு பெண்ணாசிரியரால் ஆகக்கூடியவை. இவற்றைப் பாடத்திட்டம் எதுவும் குறிப்பதில்லை. ஆனால் இவையின்றி எந்த மாணவியும் அரங்கேறியதில்லை.

அண்டைச் சிங்கப்பூரிலும் இதே போக்கைக் காணலாம். 1955இல் அங்கே வந்த சாந்தா பாஸ்கர், கணவர் கே. பி. பாஸ்கருடன் நாட்டியப் பள்ளியை நடத்தி, 2022இல் மறையும் வரை கற்பித்தார். கொழும்பில் பிறந்து கலாக்ஷேத்திரத்தில் பயின்ற நீலா சத்தியலிங்கம் 1974இல் அங்கே குடியேறி, 1977இல் அப்சராஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவ்விருவருக்கும் சிங்கப்பூர் அரசு கலாசாரப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

மலேசியாவில் அரசின் உயர்கல்விக்குள்ளும் பரதநாட்டியம் நுழைந்தது. 1994இல் தேசியக் கலைக் கழகமாகத் தொடங்கி இன்று அஸ்வாரா என வழங்கும் நிறுவனத்தின் நடனப் பிரிவில் மலாய், சீன நடனங்களோடு பரதமும் பாடமாக உள்ளது. வீட்டு முன்கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் கற்பிக்கப்பட்டது பட்டப்படிப்பின் பகுதியாக மாறுவதற்கு இடையே நின்றவர்கள் பெயர் அறியப்படாத பல வகுப்பாசிரியைகளே.

வாசலிலிருந்து வகுப்பறைக்கு

ஆடலுக்கு நட்டுவனார் இருந்தார். ஓவியத்தில் தமிழ்ப் பெண்ணின் முதல் ஆசிரியை அவள் தாயே. வாசல் தெளித்துக் கோலமிடும்போது ஒரு சிறுமி கற்பவை பல. புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தல் அளவறிவு. நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா எனத் தேர்தல் அமைப்பறிவு. கையெடுக்காமல் சிக்குக்கோலத்தின் கம்பியை வளைத்து முடித்தல் கைத்திறன். கிள்ளான் ஆற்றின் இருமருங்கும் இருந்த இரப்பர்த் தோட்டங்களின் லயத்து வீடுகளில் தாளும் வண்ணமும் வாங்க வழியில்லாத நாளிலும் இந்தப் பள்ளி நடந்துகொண்டுதான் இருந்தது. நாள்தோறும் அழிந்து நாள்தோறும் புதிதாகும் இக்கலைக்கு மதிப்பெண்ணும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆகவே இதனைக் கல்வி என்று எவரும் எண்ணவில்லை.

வங்காளத்தில் ஒருவர் எண்ணினார். இரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதனத்தில், கோலத்தை ஒத்த ஆலிம்பனை என்னும் தரை ஓவியம் கலாபவனத்தின் பாடமாயிற்று. அதனைக் கற்பிக்கச் சிற்றூர் மரபில் தேர்ந்த சுகுமாரி தேவி என்னும் அம்மையார் அமர்த்தப்பட்டார். வீட்டுப் பெண்ணின் கைப்பழக்கத்தைக் கல்லூரிக்குரிய அறிவாக ஏற்ற செயல் அது. பின்னர் நந்தலால் போஸின் மகள் கௌரி பஞ்ஜா அதே கலாபவனத்தில் பல்லாண்டு ஆலிம்பனையும் பாத்திக்கும் கற்பித்தார்.

பாத்திக்கின் வரவில் மலாயாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1927இல் தாகூர் சிங்கப்பூர், மலாக்கா, கோலாலம்பூர், பினாங்கு முதலிய இடங்களில் பயணம் செய்து சாவகம் சென்றார். அவருடன் சென்ற ஓவியர் சுரேந்திரநாத் கர், உருகிய மெழுகால் துணியில் கோலமிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் முறையைச் சாந்திநிகேதனத்துக்குக் கொண்டு சென்றார். மலாய் உலகத்தின் கலை வங்காளத்தில் பாடமாயிற்று.

மேற்கிலும் இதற்கு இணையான ஒரு மாற்றத்தை நிகழ்த்தியவர் பெண்ணே. இங்கிலாந்தில் டட்லி நகரப் பெண்கள் பள்ளியில் 1912 முதல் கற்பித்த மரியன் ரிச்சர்ட்சன், மாதிரிப் பொருளைப் பார்த்து அப்படியே வரையும் பழைய பயிற்சியை விடுத்தார். மாணவிகளைக் கண்ணை மூடச் செய்து, ஒரு காட்சியைச் சொல்லால் விவரித்து, மனத்தில் தோன்றியதை வரையச் சொன்னார். குழந்தையின் ஓவியத்தைக் குறையுள்ள பெரியவர் ஓவியமாகக் கருதாமல் அதற்கே உரிய மதிப்போடு நோக்கும் முறை அவரால் பரவியது. அவர் மறைந்து இரண்டாண்டுக்குப் பின், 1948இல், அவருடைய நூல் வெளிவந்தது. போருக்குப் பிந்திய ஆங்கில ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் இக்கருத்து ஓங்கியிருந்த காலத்தில்தான் மலாயாவின் இளம் ஆசிரியர் பலர் இங்கிலாந்து சென்று பயின்றனர்.

புதன்கிழமை மாலைகள்

1951இல் மலாயாக் கூட்டரசின் ஓவியக் கல்வி மேற்பார்வையாளராகக் கோலாலம்பூருக்கு வந்த பீட்டர் ஹாரிஸ், அதையடுத்துப் புதன்கிழமை ஓவியர் குழுவைத் தொடங்கினார். வாரத்துக்கு ஒரு மாலை கூடுவதால் அப்பெயர் பெற்ற அக்குழுவில் இன வேறுபாடின்றிப் பலரும் சேர்ந்தனர். ஆசிரியரைப் பார்த்து அப்படியே வரைவதை ஹாரிஸ் விரும்பவில்லை; ஒவ்வொருவரும் தம் வழியைத் தாமே காண வேண்டும் என்பது அவர் கொள்கை. 1958இல் அம்பாங் சாலையில் தேசிய ஓவியக் கூடம் திறக்கப்பட்டபோது அங்கே இடம்பெற்ற தலைமுறைக்கு இக்குழு ஒரு பயிற்சிக்களமாக இருந்தது.

இக்குழுவின் பெயர்ப்பட்டியலில் இரண்டு தமிழ்ப் பெண்கள் உள்ளனர். ஒருவர் சிவம் செல்வரத்தினம். மற்றவர் கிரேஸ் இன்பம் செல்வநாயகம். இருவரும் ஓவியர், இருவரும் ஆசிரியர்.

சிவம் செல்வரத்தினம் செராசில் அமைந்த சிறப்பாசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஓவியம் கற்பித்தார். 1960களில் வளர்ந்த அக்கல்லூரியின் தன்மையை அறிந்தால்தான் அவர் பணியின் அளவு விளங்கும். ஏற்கெனவே பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் ஓவியம், இசை, உடற்பயிற்சி, மனையியல் முதலிய தனித்துறைகளில் மேற்பயிற்சி பெறுவதற்காக அங்கே வந்தனர். பயிற்சி முடிந்ததும் நாட்டின் பல மாநிலப் பள்ளிகளுக்குத் திரும்பினர். ஓர் ஓவியர் தம் படத்தைக் கூடத்தில் தொங்கவிட்டால் அங்கே வருபவர் மட்டும் காண்பர். ஓவிய ஆசிரியர்களைப் பயிற்றுபவர் ஓராண்டில் சொன்னது, அடுத்த ஆண்டில் கெடாவிலும் கிளந்தானிலும் சொகூரிலும் எண்ணற்ற குழந்தைகளின் தாளில் தோன்றும். அத்தாள்களில் அவர் பெயர் இராது.

இதே ஆண்டுகளில் சிங்கப்பூரில் ஜார்ஜெட் சென் என்னும் சீனப் பெண் ஓவியர் 1954 முதல் 1980 வரை நன்யாங் நுண்கலைக் கழகத்தில் கற்பித்தார். அவர் புகழ் இன்று உலகறிந்தது. அவருடைய ஓவியங்கள் காட்சிக்கூடத்தில் தொகுக்கப்பட்டுப் பேணப்பட்டதே அதற்குப் பெருங்காரணம். வகுப்பறைக்கே வாழ்வின் பெரும்பகுதியைக் கொடுத்தவர்க்கு அத்தகைய தொகுப்பு எளிதில் அமைவதில்லை.

தறியும் நூலும்

கிரேஸ் செல்வநாயகத்தின் பணி வேறொரு திசையில் சென்றது. பாத்திக், துணிக்கலை ஆகியவற்றில் ஈடுபட்ட அவர், மலாய்ப் பெண்கள் தறியில் நெய்யும் சோங்கெட் என்னும் சரிகைத் துணியை ஆராய்ந்தார். அவருடைய ஆங்கில நூல் ‘சோங்கெட்: மலேசியாவின் நெய்த செல்வம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தால் 1990இல் வெளியிடப்பட்டது.

சோங்கெட் நெசவின் முறை நுணுக்கமானது. பாவும் ஊடையும் சேர்ந்து நெய்யும் அடிப்படைத் துணியின்மேல், பொன் அல்லது வெள்ளிச் சரிகை கூடுதல் ஊடையாகச் செலுத்தப்படுகிறது. எந்தெந்தப் பாவிழைகளுக்கு அடியிலும் மேலும் சரிகை செல்ல வேண்டும் என்பதை நெய்பவள் எண்ணி எண்ணித் தூக்கிக் கட்டி வைத்துக்கொள்கிறாள். மூங்கில் முளை, பூ, விண்மீன் என மலரும் உருக்கள் யாவும் இக்கணக்கிலிருந்து பிறப்பவை. புள்ளிக்கோலம் போடும் தமிழ்ப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு அயலானதன்று. துணியின் தலைப்பில் வரிசையாக நிற்கும் முக்கோணங்கள் தமிழ்நாட்டுச் சேலையின் கோபுரக் கரையை நினைவூட்டுகின்றன. சோழமண்டலக் கரையிலிருந்து துணி மலாய்த் துறைமுகங்களுக்குச் சென்ற வாணிகம் பல நூற்றாண்டுப் பழமையுடையது. மலாய் ஆடவர் உடுக்கும் கட்டமிட்ட கைலிக்குப் ‘பெலேகாட்’ என்னும் பெயர் பழவேற்காட்டிலிருந்து வந்ததே.

கிளந்தானிலும் திரங்கானுவிலும் சோங்கெட் நெய்தவர் பெரும்பாலும் பெண்கள். தாய் மகளுக்குக் கற்பித்ததே அங்கும் பள்ளி. அக்கல்வி எழுத்தில் இல்லை, கையில் இருந்தது. ஒரு மகள் தறியை விட்டு வேறு வேலைக்குப் போனால் ஓர் உரு மறைந்துவிடும். அவ்வறிவை நூலாக்கியவர் ஒரு தமிழ்ப் பெண் என்பது இந்நாட்டுத் தமிழர் பெருமைப்படத்தக்க செய்தி. சோங்கெட்டை யுனெஸ்கோ தன் மனிதகுல மரபுரிமைப் பட்டியலில் 2021இல் சேர்த்தது. அதற்கு முப்பத்தோராண்டு முன்னரே அந்நூல் வெளிவந்துவிட்டது.

எழுதப்படாத பக்கம்

மேலே கூறிய மூன்று துறைகளிலும் ஒரே வரலாறு திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் பெண்கள் வீட்டிலும் கோயிலிலும் தறியிலும் ஒரு கலையைக் காக்கின்றனர். அப்போது அது கல்வியெனக் கருதப்படுவதில்லை. பிறகு பெண்களே அதனை வகுப்பறைக்குக் கொண்டு வருகின்றனர். அப்போது அது எல்லாருக்கும் உரியதாகிறது; ஆனால் முன்பு காத்தவர்களின் பெயர் விடுபடுகிறது. அடுத்த தலைமுறையில் வகுப்பறை ஆசிரியையின் பெயரும் விடுபடுகிறது. கலைவரலாறு மேடையில் ஆடியவரையும் கூடத்தில் படம் வைத்தவரையும் எழுதுகிறது, கற்பித்தவரை எழுதுவதில்லை.

பெயர் விடுபடுவதால் நேரும் இழப்பு நன்றியைப் பற்றியது மட்டுமன்று. ஓர் ஆசிரியை எந்த வரிசையில் அடவு தொடங்கினார், மலேசியச் சிறுமிக்குத் தெலுங்குப் பதத்தின் பொருளை எவ்வாறு விளக்கினார், வண்ணப்பெட்டி வாங்க இயலாத வகுப்பில் எதைக் கொண்டு ஓவியம் கற்பித்தார் என்பன எல்லாம் கற்பித்தல் அறிவு. அது எழுதப்படாவிட்டால் ஒவ்வொரு புதிய ஆசிரியரும் அடியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதாகிறது. இன்று மலேசியாவில் 520க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் காட்சிக் கலையும் இசையும் பாடங்களாக உள்ளன. அப்பாடங்களைக் கற்பிப்போருக்கு, தம்மூரிலேயே தமக்கு முன் கற்பித்தவர் எவ்வாறு கற்பித்தார் என்பதைச் சொல்லும் நூல்கள் அரியவை.

சான்றுகள் முற்றும் அழிந்துவிடவில்லை. அரங்கேற்ற மலர்களில் குருவின் வரலாறு அச்சிடப்பட்டுள்ளது. பள்ளி ஆண்டு மலர்களில் ஓவிய ஆசிரியையின் நிழற்படம் உள்ளது. 1952இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழர் திருநாள் போன்ற விழாக்களின் நிகழ்ச்சி நிரல்களும், 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் இதழ்களும் உள்ளன. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும் பழைய அலமாரிகளில் இத்தகைய தாள்கள் கரையானுக்கும் வெள்ளத்துக்கும் தப்பிக் கிடக்கலாம். ஒரு பள்ளியின் ஆசிரியர் தம் பள்ளியில் கலை கற்பித்த பெண்களின் பெயர், ஊர், கற்பித்த ஆண்டு, கற்பித்த பாடம் ஆகிய நான்கை மட்டும் திரட்டி மாணவரைக் கொண்டு எழுதி வைத்தாலும் அது ஒரு வரலாற்று ஆவணமாகும். முதியோரை நேரில் கண்டு கேட்டு எழுதும் அப்பணி மாணவர்க்கு நல்ல தமிழ்க் கட்டுரைப் பயிற்சியும் ஆகும்.

தஞ்சையில் சோழனின் எழுத்தன் நானூறு பெண்களின் பெயரையும் வீட்டையும் ஊரையும் விடாது பொறித்தான். ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் அவர்கள் யார் என்று சொல்ல முடிகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஐம்பது ஆண்டுக்கு முன் ஒரு கோயில் மண்டபத்தில் தட்டுக்கழி பிடித்த அம்மையாரின் பெயரை, அவரிடம் பயின்ற பாட்டிமார் இன்னும் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுதல் வேண்டும்.